தண்ணீரின் போர்ஸும் சுடுதண்ணி ஹீட்டரும்
யாழ்ப்பாணத்துத் தட்டை நிலத்திலிருந்து மலைநாட்டு வீடுகளுக்கு ஒரு பாடம்



இந்த இதழின் அறிவுப் பாடத்துக்கு ஒரு வீட்டுச் சாமானை எடுத்துக்கொள்கிறோம். சுடுதண்ணி ஹீட்டர்தான் அது. ஒரு காலத்தில் பங்களாவில் மட்டும் பார்த்த பொருள். இன்று நமது தனி வீடுகள் சிலவற்றிலும் வந்துவிட்டது. மார்கழி தை மாதப் பனியில் கைக்குழந்தையைக் குளிப்பாட்டும் அம்மாவுக்கு அது பெரிய உதவி. ஆனால் விளங்காமல் பூட்டினால் அதே ஹீட்டர் பிள்ளையின் தோலைச் சுடும், கரண்ட் அடிக்கும், சில வேளை வெடிக்கவும் செய்யும். ஆகவே இது வசதியைப் பற்றிய பாடம் மட்டுமல்ல, உயிரைப் பற்றிய பாடமும்தான்.

பாடத்துக்கு யாழ்ப்பாணத்து வீடு ஒன்றை உதாரணமாக எடுக்கிறோம். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் வேலைக்கும் படிப்புக்கும் அங்கே போய் வருகிறார்கள் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணமும் உண்டு. நமக்குத் தண்ணீர் மலையிலிருந்து இறங்கி வருகிறது. அவர்களுக்கு நிலத்துக்கு அடியிலிருந்து ஏறி வரவேண்டும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாடம் சுலபமாக விளங்கும்.

அமுக்கம் என்றால் என்ன?

"பைப்பில தண்ணி போர்ஸே இல்ல" என்று நாம் சொல்கிறோம். அந்தப் போர்ஸைத்தான் பிள்ளைகளின் விஞ்ஞானப் புத்தகம் அமுக்கம் என்கிறது. அது எங்கிருந்து வருகிறது? உயரத்திலிருந்து. தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கும் நாம் திறக்கும் பைப்புக்கும் எத்தனை மீற்றர் உயர வித்தியாசமோ, அதுதான் அமுக்கத்தைத் தீர்மானிக்கும்.

கணக்கு இலகுவானது. 10 மீற்றர் உயரத்துக்கு ஏறக்குறைய 1 பார் அமுக்கம். 5 மீற்றர் என்றால் அரை பார். 60 மீற்றர் என்றால் 6 பார். புத்தகத்தில் பாஸ்கல் என்ற அளவும் வரும். 1 பார் என்பது 1,00,000 பாஸ்கல். பிரான்ஸ் நாட்டில் 1623 முதல் 1662 வரை வாழ்ந்த பாஸ்கல் என்ற அறிஞரின் பெயர் அது.

இங்கே பலரும் தவறாக நினைக்கும் ஒரு விஷயம் உண்டு. "பெரிய தாங்கி வைத்தால் போர்ஸ் கூடும்" என்பார்கள். கூடாது. ஒரே உயரத்தில் ஒரே மட்டத்துக்குத் தண்ணீர் நின்றால், 500 லீற்றர் தாங்கியும் 2,000 லீற்றர் தாங்கியும் ஒரே அமுக்கத்தைத்தான் தரும். பெரிய தாங்கி அதிக நேரம் தண்ணீர் தரும், அவ்வளவுதான்.

வீட்டில் செய்து பாருங்கள்: ஒரு பிளாஸ்டிக் போத்தலில் மேலே, நடுவில், அடியில் என்று ஒரே அளவில் மூன்று ஓட்டை போடுங்கள். தண்ணீர் நிரப்பி விரலை எடுங்கள். அடி ஓட்டையில்தான் தண்ணீர் ஆக வேகமாகப் பாயும். அதற்கு மேலே நிற்கும் தண்ணீர்தான் கூடுதல்.

பைப்பின் அகலத்தையும் மறக்கக்கூடாது. தாங்கியிலிருந்து 1 அங்குலப் பைப்புக்குப் பதிலாக அரை அங்குலப் பைப் போட்டால் வரும் தண்ணீர் பாதியாகும் என்று நினைப்போம். உண்மையில் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்காகக் குறைந்துவிடும். வளைவுகளும் பழைய வால்வுகளும் இன்னும் கொஞ்சத்தைப் பிடித்துக்கொள்ளும்.

யாழ்ப்பாணத்து வீட்டில் நடப்பது

யாழ்ப்பாணக் குடாநாட்டில் மலை இல்லை. வருடம் முழுவதும் ஓடும் ஆறும் இல்லை. வழுக்கியாறு மழைக்காலத்தில் மட்டுமே ஓடும். மழைத் தண்ணீர் சுண்ணாம்புக்கல் நிலத்தில் இறங்கி அடியில் தங்குகிறது. அதைத்தான் கிணறு தோண்டி எடுக்கிறார்கள். முன்பு துலா மிதித்து இறைத்தார்கள். பிறகு மெசின் வந்தது. இப்போது மோட்டர் போட்டு வீட்டுக்கு மேலுள்ள தாங்கிக்கு ஏற்றுகிறார்கள்.

அப்படியான ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். தாங்கியில் தண்ணீர் மட்டம் தரையிலிருந்து 5 மீற்றர். குளிக்கும் சவர் தரையிலிருந்து 2 மீற்றர். வித்தியாசம் 3 மீற்றர். அமுக்கம் 0.3 பார் மட்டுமே. பைப்பில் இழப்பது போக மிஞ்சுவது இன்னும் குறைவு.

இந்த வீட்டில் பாத்ரூம் சுவரில் உடனடி ஹீட்டர் ஒன்றைப் பூட்டுகிறார்கள். இவ்வகையில் தண்ணீர் சேமிப்பு கிடையாது, ஓடும்போதே சுடுகிறது. தண்ணீர் போதிய போர்ஸில் வருகிறதா என்று பார்க்கும் சின்னச் சுவிச் ஒன்று பெரும்பாலும் உள்ளே இருக்கும். போதாவிட்டால் அது கரண்டை விடாது. அப்போது "புது ஹீட்டர், தண்ணி சுடுகுதில்லை" என்று கடைக்காரருடன் சண்டை வருகிறது. ஹீட்டரில் பிழை இல்லை. தாங்கியின் உயரம் போதவில்லை.

சில வீடுகளில் அமுக்கம் அந்த எல்லையில் மட்டுமட்டாக நிற்கும். சுவிச் விழும், எழும்பும். தண்ணீர் ஒரு நிமிடம் கொதிக்கும், அடுத்த நிமிடம் பச்சைத் தண்ணீராக வரும். ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது.

போத்தல் கணக்கு

ஒரு லீற்றர் தண்ணீரை ஒரு பாகை செல்சியஸ் சூடாக்க 4.2 கிலோயூல் சக்தி தேவை. 3.5 கிலோவாட் ஹீட்டர் ஒரு நிமிடத்தில் 210 கிலோயூல் தரும். 210ஐ 4.2ஆல் பிரித்தால் 50. அதாவது நிமிடத்துக்கு 1 லீற்றர் ஓடினால் 50 பாகை கூடும். 2 லீற்றர் ஓடினால் அதில் பாதி, 25 பாகை.

எவ்வளவு ஓடுகிறது என்று பார்க்க மணிக்கூடும் 1 லீற்றர் போத்தலும் போதும். சவரின் கீழே போத்தலைப் பிடியுங்கள். ஹீட்டர் சுவிச் அணைத்திருக்கட்டும்.

60 வினாடியில் நிறைந்தால்: நிமிடத்துக்கு 1 லீற்றர். சூடு 50 பாகை கூடும்.
30 வினாடியில் நிறைந்தால்: 2 லீற்றர். 25 பாகை கூடும்.
20 வினாடியில் நிறைந்தால்: 3 லீற்றர். ஏறக்குறைய 17 பாகை கூடும்.
15 வினாடியில் நிறைந்தால்: 4 லீற்றர். ஏறக்குறைய 12 பாகை கூடும்.
10 வினாடியில் நிறைந்தால்: 6 லீற்றர். ஏறக்குறைய 8 பாகை கூடும்.

இப்போது இரண்டு ஊரையும் ஒப்பிடுவோம். யாழ்ப்பாணத்தில் தாங்கித் தண்ணீர் 28 பாகை என்று வைத்துக்கொள்வோம். நமது மலையில் காலைத் தண்ணீர் 16 பாகை என்று வைப்போம். குளிக்க இதமான சூடு 38 முதல் 40 பாகை.

யாழ்ப்பாணத்தில் நிமிடத்துக்கு 2 லீற்றர் ஓடினால் 28ம் 25ம் சேர்ந்து 53 பாகை. அது குளிக்கும் சூடு அல்ல, சுடும் சூடு. 1 லீற்றராகக் குறைந்தால் கணக்குப்படி 78 பாகை. நமது பக்கத்தில் அதே ஹீட்டரில் 2 லீற்றர் ஓடினால் 41 பாகை, சரியாக இருக்கும். ஆனால் மலைப் பைப்பின் போர்ஸில் 6 லீற்றர் பாய்ந்தால் 24 பாகைதான். "கரண்ட் பில் ஏறுது, தண்ணி சுடலையே" என்று நாம் குறைப்படுவோம். ஹீட்டருக்கு வரும் வால்வைக் கொஞ்சம் பூட்டினால் போதும்.

ஆக, அங்கே போர்ஸ் குறைந்து சுடுகிறது. இங்கே போர்ஸ் கூடிச் சுடாமல் போகிறது. ஒரே ஹீட்டர்தான், உயரம்தான் வேறு.

பிள்ளைகளின் தோல்

60 பாகைத் தண்ணீர் பெரியவர்களின் தோலையே சுமார் 5 வினாடியில் ஆழமாகச் சுட்டுவிடும். குழந்தைகளின் தோல் மெல்லியது, அதைவிடச் சீக்கிரம் சுடும். வயதானவர்களுக்கும் அப்படியே. ஒருவர் குளிக்கும்போது குசினியில் இன்னொருவர் பைப்பைத் திறந்தால் சவரில் ஓட்டம் குறையும். உடனே சூடு ஏறும். ஆகவே சவரைத் திறந்து வைத்துப் பிள்ளையை அதன் கீழே நிறுத்தக் கூடாது. முதலில் வாளியில் பச்சைத் தண்ணீர், பிறகு சுடுதண்ணீர், பிறகு நமது முழங்கையால் பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைத் தொட வேண்டும்.

கல் படியும் தண்ணீர்

யாழ்ப்பாணத்து நிலம் சுண்ணாம்புக்கல் என்று சொன்னோம். மழைத் தண்ணீர் அந்தக் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்துக்கொண்டு கிணற்றுக்கு வருகிறது. சவர்க்காரம் போட்டால் நுரை வராது. கேத்தலின் அடியில் வெள்ளையாகக் கல் பிடிக்கும். தண்ணீர் சூடாகும்போதுதான் இந்தச் சுண்ணாம்பு பிரிந்து படியும். ஹீட்டருக்குள்ளும் அதுதான் நடக்கிறது.

கல் இரண்டு வழியில் கெடுதல் செய்யும். சூடேற்றும் கம்பியைப் போர்வைபோல மூடிவிடும். கம்பியின் சூடு தண்ணீருக்குப் போகாமல் கம்பியே எரிந்துவிடும். இன்னொன்று, ஒடுக்கமான வழியையும் சவரின் சின்ன ஓட்டைகளையும் அடைக்கும். ஏற்கெனவே குறைந்த ஓட்டம் இன்னும் குறையும். ஓட்டம் குறைந்தால் சூடு கூடும், சூடு கூடினால் கல் இன்னும் வேகமாகப் படியும். ஒன்றை ஒன்று இழுத்துக்கொண்டு போகும். சவரின் தலையைக் கழற்றி வினாகிரியில் இரவு ஊறவைத்துக் கழுவினால் கல் இளகும். ஹீட்டரின் வாயிலுள்ள வலையையும் கழுவ வேண்டும்.

நமது மலைப்பாறை வேறு வகை. இங்கே ஊற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு குறைவு, நுரை நன்றாக வரும். நமக்கு அடைப்பு தருவது மணலும் இலைக்குப்பையும். மழை பெய்து கலங்கல் வந்த பிறகு வலையைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.

போர்ஸ் கூட்ட என்ன வழி?

யாழ்ப்பாணத்து வீட்டுக்காரருக்கு மூன்று வழி உண்டு. தாங்கியின் மேடையை உயர்த்தலாம். அகலமான பைப் போடலாம். அல்லது பிரஷர் பம்ப் பூட்டலாம். முதல் இரண்டுக்கும் ஒரு தடவைதான் செலவு. மூன்றாவது கரண்டில் ஓடும், அதில் கவனமும் தேவை.

கூரையில் வைக்கும் சூரிய ஹீட்டர்களில் பல திறந்த வகை. மேல் தாங்கியின் சாதாரண அமுக்கத்துக்கு மட்டுமே செய்தவை. அதன் முன்னால் பம்பைப் பூட்டினால் மூட்டுகள் கசியும், தாங்கி பிளக்கும். பச்சைத் தண்ணீருக்கு மட்டும் பம்ப் பூட்டிச் சுடுதண்ணியைச் சும்மா விட்டாலும் சிக்கல்தான். இரண்டும் கலக்கும் பைப்பில் பலமான பச்சைத் தண்ணீர் சுடுதண்ணியைப் பின்னுக்குத் தள்ளிவிடும்.

கிணற்றையும் நினைக்க வேண்டும். குடாநாட்டில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேலே மிதந்து நிற்கிறது. புத்தூருக்கு அருகிலுள்ள நிலாவரைக் கிணற்றில் மேலே நல்ல தண்ணீரும் ஆழத்தில் உப்புத் தண்ணீரும் இருப்பது பெயர்பெற்ற விஷயம். உப்புத் தண்ணீர் கொஞ்சம் பாரமானது. நல்ல தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே 1 மீற்றர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 மீற்றர் வரை உப்பைத் தள்ளி வைத்திருக்கும். இதுவும் அமுக்கக் கணக்குத்தான். அளவுக்கு மீறி இறைத்தால் உப்பு மேலே ஏறும். உப்பு ஏறிய தண்ணீர் குடிக்க ஆகாது, ஹீட்டரின் இரும்புத் தாங்கியையும் அரித்துவிடும். குடாநாட்டின் குடிநீருக்காக வடமராட்சி கிழக்கில் தாளையடியில் கடல் தண்ணீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்டில் திறக்கப்பட்டது. ஒரு நாளைக்கு 24,000 கன மீற்றர் தரக்கூடியதாக அது கட்டப்பட்டது. கிணற்றை மட்டும் நம்பியிருந்த மண்ணில் தண்ணீரின் பெறுமதி அவ்வளவு.

தாங்கி ஹீட்டர்: விரியும் தண்ணீர்

இரண்டாவது வகை, தண்ணீரைச் சேர்த்து வைத்துச் சுடும் ஹீட்டர். தண்ணீர் சூடானால் விரியும். 50 லீற்றர் தண்ணீரை 16 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் சுமார் 800 மில்லிலீற்றர் கூடும். அந்தக் கூடுதல் தண்ணீர் எங்கே போவது? வழி இருந்தால் வந்த பைப்பில் திரும்பும். வழியில் ஒருவழி வால்வு இருந்தால் திரும்ப முடியாது. அப்போது உள்ளே அமுக்கம் ஏறும். அதை வெளியே விடத்தான் சேப்டி வால்வு. பல ஹீட்டர்களில் அது 6 முதல் 8 பாரில் திறக்கும். எத்தனை பார் என்று வால்விலேயே அடித்திருப்பார்கள்.

சூடாகும்போது சேப்டி வால்வில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் வந்தால் அது தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். சிலர் அதை ஒழுக்கு என்று நினைத்துக் கட்டையால் அடைக்கிறார்கள், மூடி போடுகிறார்கள். இதைப்போல ஆபத்தான வேலை வேறில்லை. சூட்டைக் கட்டுப்படுத்தும் தேர்மோஸ்டாட் அதே நேரம் பழுதானால் தண்ணீர் 100 பாகைக்கும் மேலே போகும். அமுக்கம் இருப்பதால் கொதிக்காமல் நிற்கும். தாங்கி பிளந்த கணத்தில் அதில் ஒரு பகுதி நீராவியாகும். தண்ணீர் நீராவியானால் ஏறக்குறைய 1,600 மடங்கு இடம் கேட்கும். அதுதான் வெடிப்பு.

நமது மலைப்பக்கம்

இப்போது நம்ம வீட்டுக்கு வருவோம். ஊற்றுத் தாங்கி மலை உச்சிப் பக்கம். நமது லயமும் வீடும் பள்ளத்தில். 60 மீற்றர் உயர வித்தியாசம் இருந்தால் 6 பார், 100 மீற்றர் இருந்தால் 10 பார். பகலில் எல்லாரும் பீலியிலும் பைப்பிலும் தண்ணீர் பிடிக்கும்போது இது தெரியாது. இரவில் எல்லாப் பைப்பும் பூட்டியபின் முழு அமுக்கமும் வந்து நிற்கும். நடு இரவில் பைப் வெடிப்பது இதனால்தான்.

இப்படியான லைனில் ஹீட்டரை நேராகப் பூட்டக் கூடாது. நல்ல வழி, வீட்டுக் கூரையருகே சின்னத் தாங்கி ஒன்று வைத்து மலைத் தண்ணீரை மிதவை வால்வோடு அதில் விழ விடுவது. தாங்கியில் விழுந்ததும் மலையின் அமுக்கம் அங்கேயே முடிந்துவிடும். அதன் பிறகு நமது வீடும் யாழ்ப்பாணத்து வீடுபோல ஆகிவிடும். தாங்கி எவ்வளவு உயரமோ அவ்வளவு போர்ஸ். அதற்கேற்ற, குறைந்த அமுக்கத்தில் ஓடும் ஹீட்டரை வாங்க வேண்டும். இன்னொரு வழி, அமுக்கம் குறைக்கும் வால்வு பூட்டுவது.

கரண்ட் விஷயம்

3.5 கிலோவாட் ஹீட்டர் 230 வோல்ட்டில் சுமார் 15 அம்பியர் இழுக்கும். விளக்குக்கும் ரேடியோவுக்கும் போட்ட பழைய லயத்து வயர் இதைத் தாங்காது, சூடாகி எரியும். 13 அம்பியர் பிளக்கிலும் நீட்டு வயரிலும் கொடுக்கவே கூடாது. மெயின் போர்டிலிருந்து தனி வயர், தனி பிரேக்கர், நல்ல ஏர்த், வேலை செய்யும் 30 மில்லிஅம்பியர் ட்ரிப் சுவிச் ஆகிய நான்கும் இருந்தால்தான் ஹீட்டர். இதை லைசன்ஸ் உள்ள வயரிங் பாஸ் செய்ய வேண்டும். ஏர்த் இல்லாத வீட்டில் ஈர உடம்போடு ஹீட்டரின் கீழே நிற்பது உயிரோடு விளையாடுவது.

கரண்ட் போகும் நாளில் யாழ்ப்பாணத்தில் மோட்டர் ஓடாது, தாங்கி காலியாகும். கரண்ட் வரும்போது சுவிச் போட்டபடியே இருந்தால் தண்ணீரில்லாத ஹீட்டர் சுட்டுக் கருகும். நமக்கும் பைப் உடைந்த நாளில் இதே கதைதான். முதலில் தண்ணீர் வருகிறதா என்று பாருங்கள், பிறகு சுவிச்சைப் போடுங்கள்.

ஒன்றை நினைத்துப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கும். யாழ்ப்பாணத்து ஹீட்டரைச் சூடாக்கும் கரண்டில் ஒரு பங்கு நமது மலையின் தண்ணீரிலிருந்து போகிறது. 1950இல் தொடங்கிய லக்சபான மின் நிலையத்தில் சக்கரத்தைச் சுற்றுவது உயரத்திலிருந்து இறங்கும் தண்ணீரின் அமுக்கம்தான். இங்கே விழுகிற தண்ணீர் அங்கே தண்ணீரைச் சுட வைக்கிறது.

மறக்காமல் வைத்திருக்க வேண்டியவை

1. ஹீட்டர் வாங்கும் முன் தண்ணீர் மட்டத்துக்கும் சவருக்கும் உள்ள உயரத்தை அளங்கள். ஹீட்டரின் தகட்டில் எழுதிய குறைந்த அமுக்கம், கூடிய அமுக்கம் இரண்டையும் கடையில் கேட்டுப் பாருங்கள்.
2. போத்தல் சோதனையை மாதம் ஒரு தடவை செய்யுங்கள். நேரம் கூடிக்கொண்டு போனால் எங்கோ அடைக்கிறது.
3. சேப்டி வால்வை எந்தக் காரணத்துக்கும் அடைக்காதீர்கள். மேலே போகும் காற்றுக் குழாயையும் மூடாதீர்கள்.
4. சவரோடு சேர்ந்த உடனடி ஹீட்டரில் தண்ணீர் வெளியே வரும் பக்கம் பைப்போ வால்வோ பூட்டக் கூடாது. வெளிவழி எப்போதும் திறந்திருக்க வேண்டும்.
5. ட்ரிப் சுவிச்சின் சோதனைப் பொத்தானை மாதம் ஒரு தடவை அழுத்துங்கள். விழாவிட்டால் ஹீட்டரைத் தொடாதீர்கள்.
6. பிள்ளை குளிக்கும் தண்ணீரை முதலில் பெரியவர் கை தொட வேண்டும்.

வீட்டில் எல்லாரும் சேர்ந்து விடை தேட

அ. தண்ணீர் மட்டம் 7 மீற்றர், சவர் 2 மீற்றர். அமுக்கம் எவ்வளவு?
ஆ. 18 பாகைத் தண்ணீர், 3.5 கிலோவாட் ஹீட்டர், போத்தல் 30 வினாடியில் நிறைகிறது. சவரில் வரும் தண்ணீர் எத்தனை பாகை?
இ. உங்கள் வீட்டுப் பைப்புக்கும் ஊற்றுத் தாங்கிக்கும் எத்தனை மீற்றர் உயர வித்தியாசம் இருக்கும்? இரவில் எத்தனை பார் வரும்?

விடைகள்: அ. 0.5 பார். ஆ. 43 பாகை; பிள்ளைக்குக் கூடுதல், பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டும். மூன்றாவதின் விடை உங்கள் தோட்டத்தில்தான் இருக்கிறது. பெரியவர்களோடு போய் ஊற்றுத் தாங்கியைப் பார்த்து, தண்ணீர் லைன் பார்க்கிறவரிடம் கேட்டு எழுதுங்கள்.